பட்டை தேய்த்த நாலு நாள்

புனேயின் பழைய சாங்வியில் ரவிசந்திரன் வீட்டுக்கு விலாசம் தேவைப்பட்டதே இல்லை. ‘பந்த் காடிவாலா வீடு’ என்றால் போதும், ரிக்ஷாக்காரர் முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். வாசலில் புங்க மரத்தடியில் ஆறு வருஷமாக ஓடாமல் நிற்கும் வெள்ளைப் பத்மினி கார்தான் அந்த பந்த் காடி. பூனைகளுக்கு அது பிரசவ அறை, காக்கைகளுக்குக் கழிப்பறை. அதன் முன்பக்க கிரில்லும், கதவுகளின் குறுக்கே ஓடும் நீளப் பட்டைகளும், கண்ணாடியைச் சுற்றிய விளிம்புகளும் அலுமினியம். ஆறு மழைக்காலம் நின்று குளித்ததில் அவை வெளுத்துப் பூத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டின.

ஆகஸ்டு மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில் ரவிசந்திரன் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற உட்கார்ந்தார். போசரியில் ஒரு கம்பெனியில் அனோடைஸிங் செக்‌ஷனில் முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அலுமினியத்துக்குக் கெட்டியான மேல்தோல் ஏற்றுகிற வேலை அது. ஏற்றத் தெரிந்தவருக்கு உரிக்கவும் தெரியும். நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, இரண்டு முனையையும் அடைத்து, தொட்டி செய்துகொண்டார். அதில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றினார். ரப்பர் கையுறையோடு முதல் பட்டையை உள்ளே இறக்கியதும் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது.

“பார்வதி, மூணு விசில் வந்தா கொரல் குடு. அதுக்கு மேல வுட்டா தின்னுடும்” என்றார், உள்ளே இருந்த மனைவியிடம்.

“என் குக்கர் இன்னா ஒங்க கம்பெனி கடிகாரமா? பருப்பு வெந்துச்சா, ஒங்க பட்ட வெந்துச்சான்னு எத்த பாத்துகினு நிக்கறது?” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. ஆனாலும் மூன்றாவது விசிலுக்குச் சரியாகக் குரல் கொடுத்தாள். பட்டையை எடுத்தபோது அது கரிச்சட்டி போல் கறுத்திருந்தது. பார்வதி எட்டிப் பார்த்தாள்.

“நல்லா கீது. இருந்ததும் பூடுச்சி.”

“அப்பிடித்தான் கறுக்கும். புளித்தண்ணி கொஞ்சம் குடு.”

“கொழம்புக்கு ஊற வெச்சிகீறேன். ஒங்க வண்டி இன்னா வூட்டு மருமவனா, அதுக்கும் புளி கரைச்சி ஊத்த?”

மருமகன் என்ற சொல் வந்ததும் இரண்டு பேருமே கொஞ்சம் நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் அவள் பாதிப் புளித்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனியில் இதற்கு நைட்ரிக் ஆசிட், வீட்டில் புளி. தேங்காய்நார் வைத்துத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து போய், கீழே வெறும் அலுமினியம் வெளிறிய முகத்தோடு தெரிந்தது.

இத்தனை பாடும் மகள் தேஜஸ்வினிக்காக. ஞாயிற்றுக்கிழமை அவள் நெதர்லாந்துக்குப் புறப்படுகிறாள். புருஷன் கிறிஸ்டோபர் வேலை கிடைத்து இரண்டு மாதம் முன்பே போய்விட்டான். கராடியில் இருந்த ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, கடைசி மூன்று நாள் அம்மா வீட்டில் இருக்க வருகிறாள். ஞாயிறு மத்தியானம் லோஹேகாவ் ஏர்போர்ட்டுக்கு அவளை இந்தக் காரில், தானே ஓட்டிக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது ரவிசந்திரனின் தீர்மானம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஓட்டாமல் போனதற்கு வேறு பரிகாரம் அவருக்குத் தெரியவில்லை.

அன்று தேஜஸ்வினிக்குக் கல்யாணம். கிறிஸ்டோபர் கட்கியில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். அவன் அப்பாவும் ரவிசந்திரனின் அப்பாவும் ஒரே ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்தவர்கள்தான். ஃபேக்டரி கேட்டுக்குள் ஒன்றாக டிபன் பிரித்துச் சாப்பிட்டதெல்லாம் சரி, பெண் கொடுப்பது வேறு என்றார் ரவிசந்திரன். தேஜஸ்வினி சண்டை போடவில்லை. கட்கியில் ஒரு சிநேகிதி வீட்டில் போய் இருந்துகொண்டு, போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். ‘அப்பா, நீங்க நம்ம வண்டிய எடுத்துகிட்டு வந்து என்ன சர்ச்சுக்குக் கூட்டிகிட்டு போவணும். அவ்ளோதான்.’ அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கட்கி பஜார் ஞாபகம் வந்தது. அந்த வழியாகத்தான் போகவேண்டும். பங்காளிகள், குடியாத்தத்திலிருந்து ஒன்றாகப் பிழைக்க வந்த ஜனம் முழுக்க அந்தத் தெருவில்தான். பின்சீட்டில் மகள் வெள்ளைப் புடவையோடு உட்கார, தான் ஓட்டிப்போவதை அத்தனை பேரும் பார்ப்பதை நினைத்து அவருக்கு வேர்த்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளிருந்து ரோட்டரைக் கழற்றி எடுத்துவிட்டார். கட்டைவிரல் அளவுத் துண்டு. அது இல்லாவிட்டால் ப்ளக்குக்குப் பொறி போகாது. பிறகு பார்வதி முன்னால் நாலு தரம் சாவியைத் திருகிக் காட்டி, ‘இன்ஜின் ஜாம்’ என்றார். பார்வதி ரிக்ஷாவில் போனாள். அவர் போகவில்லை. அந்த ‘ஜாம்’ ஆறு வருஷம் நின்றுவிட்டது.

தேஜஸ்வினி அதை அப்படியே நம்பினாள். அப்பா ரோஷக்காரர், வண்டி கெட்டதும் ரிக்ஷாவில் வந்து இறங்கக் கூச்சப்பட்டுவிட்டார் என்று அவளாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனியாக வந்து போவாள். வரும்போதெல்லாம் ‘வண்டி சரியாச்சா?’ என்று கேட்பாள். ‘பார்ட்டு கெடைக்கல’ என்பார். இரண்டாம் வருஷம் இஸ்மாயில் என்ற நல்ல மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அனுப்பியே விட்டாள். அவனைப் பானெட்டைத் தொடவிடாமல் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார் ரவிசந்திரன்.

வியாழன் மத்தியானம் இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கியவள், வாசலில் பரப்பியிருந்த பட்டைகளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“வண்டிய ரெடி பண்றீங்களாப்பா?”

“ஒன்ன ஏர்போர்ட்ல வுடறதுக்கு.”

“அன்னைக்கு மிஸ் ஆச்சுல்ல” என்று சிரித்தாள். “பரவால்ல. இப்ப போலாம்.”

ரவிசந்திரன் குனிந்து கையுறையைக் கழற்றினார். அது கழல வெகுநேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தூறல். பார்வதி வாசலில் நீலத் தார்ப்பாலின் கட்டிக் கொடுத்தாள். அப்பாவும் மகளும் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார்கள். முதலில் நானூறு நம்பர், அப்புறம் எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, கடைசியில் இரண்டாயிரம். நெட்டுவாக்கில் ஒரே போக்காகத் தேய்க்கவேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால்கூட அந்தக் கீறல் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் நிறச் சேறு வழிந்து இருவர் முழங்கைக்கும் ஏறியது. மத்தியானத்துக்குச் சோள ரொட்டியான பாக்ரியும் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பும். ஷ்ராவண மாசத்தில் தெரு முழுக்க விரதத்துக்கு ஜவ்வரிசி வேகும்போது இந்த ஒரு வீட்டில் மட்டும் கருவாடு மணக்கிறதே என்று பார்வதி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தாள்.

“அங்க கருவாடு கெடைக்குமா?” என்றார் ரவிசந்திரன், பேச ஏதாவது வேண்டுமே என்று.

“மீன் கெடைக்கும்ப்பா. நாத்தம் அடிக்கிற எதுவும் அலவ்ட் இல்லன்னு கிறிஸ் சொன்னான். பில்டிங்ல கம்ப்ளைன்ட் பண்ணிடுவாங்களாம்.”

“அப்ப அதுவும் நம்ம சாங்விதான்” என்றாள் பார்வதி. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ரவிசந்திரன் கணக்குப் போடப் பார்த்து, விட்டுவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பேப்பரைக் கையில் எடுத்தபோது தேஜஸ்வினி சொன்னாள்: “அத்தை இருக்காங்கள்ல, கிறிஸ் அம்மா. மொத வருஷம் ஒரு தடவ கேட்டுட்டாங்க. ஒங்க அப்பாவுக்கு எங்கள புடிக்கலைன்னா நேரா சொல்லிருக்கலாமேன்னு. எனக்கு அவ்ளோ கோவம் வந்திச்சி. இல்ல, எங்க அப்பா டிரஸ் பண்ணி வண்டியில உக்காந்துட்டாரு, வண்டிதான் மோசம் பண்ணிடுச்சின்னு சண்டையே போட்டேன். அதுக்கப்பறம் அவங்க கேக்கவே இல்ல. வண்டிய பத்தி மட்டும் கேப்பாங்க, பாவம், ரிப்பேர் ஆச்சான்னு.”

சொல்லிவிடலாம் என்று ரவிசந்திரனுக்கு அப்போது தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிற பிள்ளையிடம் வெள்ளிக்கிழமை எதற்கு என்று விழுங்கிக்கொண்டார். அவர் திட்டம் எளிமையானது. சனிக்கிழமை மாலை அவள் அம்மாவோடு கடைக்குப் போகும்போது புது பேட்டரியையும் பழைய ரோட்டரையும் மாட்டிவிடுவது. இஸ்மாயில் வந்து இன்ஜினைச் சரிசெய்துவிட்டுப் போனான் என்று சொல்வது. அதோடு அந்தப் பொய்க்கும் ஒரு நல்ல முடிவு வந்துவிடும். இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. டிரில் மெஷினில் துணிச் சக்கரம் மாட்டி, பாலிஷ் சோப்பைத் தடவி, பட்டையில் வைத்ததும் மந்தம் விலகிக்கொண்டே வந்தது. முதல் பட்டையை ரவிசந்திரன் தூக்கிப் பிடித்தார். அதில் புங்க மரத்தின் இலைகள் தெரிந்தன, மகளின் முகம் நீளமாகத் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் படம் எடுத்துக் கிறிஸ்டோபருக்கு அனுப்பினாள். பிறகு சாக்கில் உட்கார்ந்து மெழுகு தடவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“இஸ்மாயில் பாய் எத்தன மணிக்கு வராரு?”

“எதுக்கு?” என்றார் ரவிசந்திரன்.

யோசித்துச் சொன்னதில்லை அது. முப்பத்தோரு வருஷம் உலோகத்தின் மேல்தோலையே பார்த்துப் பழகிய மனுஷன். மூன்று நாளாகப் பட்டையிலேயே கண்ணாக இருந்ததில், இன்ஜின் கெட்டுப்போயிருப்பதாக நடிக்கவேண்டும் என்பதையே மறந்துபோயிருந்தார். கெடாத ஒன்றுக்கு மெக்கானிக் எதற்கு?

தேஜஸ்வினியின் கை நின்றது.

“இன்ஜினுக்கு” என்றாள்.

“ஆங். வருவான். சாயங்காலம்.”

“நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கெளம்பணும். ஆறு வருஷமா ஜாம் ஆன இன்ஜின இன்னைக்கு சாயங்காலம் வந்து பாப்பாரா?”

அவர் டிரில்லை அழுத்தினார். சத்தத்தில் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவள் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

“அப்பா. ஜாம் ஆன வண்டிக்கு யாராச்சும் மொதல்ல பட்டைய தேய்ப்பாங்களா?”

ரவிசந்திரன் மகளைப் பார்த்தார். அவள் கோபமாகக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற முகமாக இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அவருக்குப் பொய் வரவில்லை.

“ஜாம் ஆவல” என்றார்.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணியும் ஆவல. நான்தான் ஒரு சாமான கயட்டி வெச்சிட்டேன்.”

“காட்டுங்க.”

உள்ளே போய், சவர சாமான் டப்பாவிலிருந்து ரோட்டரை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்ளோதானாப்பா?”

“பஜார் வழியா போவணும்னு பயந்துட்டேன்மா. நம்ம ஆளுங்க பாப்பாங்கன்னு. நீ ஒங்க அத்த கிட்ட சொன்ன மாதிரியே புதுச் சட்ட போட்டுகினு, இத்த பாக்கெட்ல வெச்சிகினு, வண்டியிலதான் குந்திகினு இருந்தேன். பதினோரு மணி வரிக்கும். மாட்டறதுக்கு ரெண்டு நிமிசம். மாட்டல.”

“பத்து மணிக்குக் கல்யாணம்” என்றாள் தேஜஸ்வினி. “ஃபாதர் கிட்ட ரெண்டு தடவ போய் கேட்டேன். கொஞ்சம் வெய்ட் பண்ணுங்க, வண்டி ரிப்பேர் ஆனதும் எங்க அப்பா வந்துடுவாருன்னு. அம்பது நிமிஷம் எல்லாரையும் ஒக்கார வெச்சேன். அம்மாதான் வந்து சொன்னா, ரிப்பேர் பண்ணிகினு கீறாரு, வந்துடுவாருன்னு.” அவள் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். பார்வதி அங்கேதான் நின்றிருந்தாள். “ஒனக்குத் தெரியுமாம்மா?”

“அன்னைக்குத் தெரியாது” என்றாள் பார்வதி. “மறுநாள் சட்டய தொவைக்கப் போட்டேன். பாக்கெட்ல இருந்திச்சி. எடுத்து செல்ஃப்ல வெச்சேன். அவுரும் கேக்கல, நானும் சொல்லல.”

“ஆறு வருஷமா.”

“சொன்னா நீ இந்தப் படி ஏற மாட்டன்னு பயம்டி. வேற இன்னா.”

தேஜஸ்வினி ரோட்டரைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் சூட்கேஸைத் திறந்து துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்து வைத்த துணிகள்தான் அவை.

ரவிசந்திரன் மிச்ச வேலையைச் செய்தார். செய்யாமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் போன் செய்து கூப்பிட்டதில் மாலையில் இஸ்மாயில் நிஜமாகவே வந்து பழைய பெட்ரோலை இறக்கி, கார்பரேட்டரைக் கழுவி, புது பேட்டரி மாட்டினான். ரோட்டரைப் போட்டுச் சாவியைத் திருகியதும் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. “இன்ஜின் ஏக்தம் மஸ்த் ஹை சாச்சா” என்று இன்ஜினைப் புகழ்ந்தான் இஸ்மாயில். உள்ளே தேஜஸ்வினி இருக்கும் அறையின் ஜன்னல் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஞாயிறு காலையில் பட்டைகளை அதனதன் இடத்தில் பொருத்தினார். பார்வதி மட்டன் குழம்பு வைத்திருந்தாள். தேஜஸ்வினி அம்மாவுக்காக ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டாள். ஆற்றங்கரையில் கணபதிக்கு டோல் மேளம் அடித்துப் பழகுகிறவர்களின் சத்தம் மேகத்தோடு சேர்ந்து உருண்டது. ஒன்றே முக்காலுக்கு ரவிசந்திரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காரை ஸ்டார்ட் செய்து வைத்தார். கிரில் பளபளத்தது. எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கை தட்டினார். அந்த நேரத்தில் முனை திரும்பி ஒரு வாடகைக் கார் வந்து பின்னால் நின்றது.

தேஜஸ்வினி சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நான்தான் கேப் புக் பண்ணேன்ப்பா.”

“வண்டி நல்லா ஓடுது தேஜு. நேத்தே சாங்வி பாலம் வரிக்கும் போய்ட்டு வந்தேன்.”

“தெரியும்.” அவள் காரைச் சுற்றி வந்தாள். பின்கதவுப் பட்டையில் விரலை வைத்து, கதவு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போனாள். “நல்லா வந்திருக்கு. நெஜமா நல்லா வந்திருக்குப்பா. ஆனா ஏர்போர்ட்டுக்கு அத்தையும் மாமாவும் வராங்க. இந்த வண்டியில போய் எறங்கினா, ரிப்பேர் ஆயிடுச்சான்னு கேப்பாங்க. நான் ஆமான்னு சொல்லணும். இத்தன நாள் தெரியாம சொன்னேன். இப்ப தெரிஞ்சி சொல்ல என்னால முடியாது. கேப்ல நான் மட்டும் போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அவர் கையைத் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாடகைக் கார் தெருவைத் தாண்டி, பிள்ளையார் பந்தலுக்குக் கட்டிய மூங்கில்களைச் சுற்றிக்கொண்டு மறைந்தது. பத்மினி அதே இடத்தில் உறுமிக்கொண்டு நின்றது. ரவிசந்திரன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு இன்ஜினை அணைத்தார்.

தூறல் ஆரம்பித்தது. அவர் மரத்தடியிலேயே நின்றார். மழை நனைக்கிறதே, உள்ளே வாருங்கள் என்று பார்வதி சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு ரிக்ஷாவுல போனேன். இப்ப ஓட்டுங்க.”

“எங்க? அவ போய்ட்டாளே.”

“கட்கிக்கு. சம்மந்தி வூட்டாண்ட. ஏர்போர்ட்லேந்து அவங்க திரும்பி வரட்டும். அவளால சொல்ல முடியாதது, நீங்க சொல்லுங்க.”

ரவிசந்திரன் ஏறி உட்கார்ந்தார். வைப்பர் ரப்பர் ஆறு வருஷத்தில் கல்லாகியிருந்தது. கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். தாபோடி தாண்டி, கட்கி பஜாருக்குள் நுழைந்தபோது ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. பங்காளி ஒருவர் கடை வாசலில் குடை பிடித்து நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார், கையை ஆட்டினார், திரும்பிக் கடைக்காரரிடம் வெங்காயம் கேட்டார். அவ்வளவுதான். ஆறு வருஷம் பயந்த தெருவைக் கடக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கிறிஸ்டோபர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. ஒரு ரிக்ஷா வந்து நின்று, கிறிஸ்டோபரின் அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். அழுது வீங்கிய கண்ணோடு அந்த அம்மாள் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் காரையே பார்த்தபடி வந்தார். நெருங்கி, கிரில்லில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்த கை. எது எப்படித் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

“அருமையா தேய்ச்சிகீறீங்க” என்றார். முகம் முழுக்கச் சிரித்தார். “இன்னும் ரெண்டு மணி நேரம் முந்தி ஏர்போர்ட்டாண்ட வந்திருந்தா பொண்ணு பாத்திருக்கும். எம்மா நாளா சொல்லிகினு இருந்திச்சி. கடைசியில வண்டி ரிப்பேர் ஆயிடுச்சா, சம்மந்தி?”

ரவிசந்திரன் கதவைத் திறந்து இறங்கினார். பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வண்டி கெட்டே போவல, சம்மந்தி” என்றார்.